90 நிமிடத்துக்கு நான்கு நாள்

ஒரு கால்பந்து அணி வெளியூர் கிளம்புகிறதென்றால் முந்தின நாள் மத்தியானமே கிட்மேனுக்கு வேலை ஆரம்பமாகிவிடும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜெர்சி வேண்டும். முதல் பாதியில் வியர்வையில் ஊறியதை இடைவேளையில் கழற்றிப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்ளத்தான் இரண்டாவது. கோல்கீப்பர்களுக்கு எதிரணியின் நிறத்தோடும் நடுவரின் நிறத்தோடும் மோதாத செட் தனியாக. பயிற்சி உடுப்பு, காலுறை, ஷின் கார்டு, கூம்புகள், வலைப்பையில் பந்துகள், பிசியோவின் மருந்துப் பெட்டி, மடக்கு மேஜை. இவ்வளவும் போக, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ். ஊரில் பழகுவது புல்தரையில். போகிற இடத்தில் செயற்கைப் புல். புல்தரைக்கான நீள ஸ்டட் வைத்த பூட்ஸோடு டர்ஃபில் ஓடினால் கால் தரையில் பிடித்துக்கொண்டு முழங்கால் திருகிவிடும்.

உள்நாட்டு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் கணக்கு. அதற்கு மேல் கிலோவுக்குக் கிலோ காசு. அதனால் அதிகாலை விமான நிலையத்தில் மொத்த அணியும் எடை எந்திரத்தைச் சுற்றி நிற்கும். ‘இக்கா’ என்று எல்லோரும் கூப்பிடும் கிட்மேன் மலப்புறத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பையை அங்கேயே தரையில் திறந்து, காலுறைக் கட்டுகளை எடுத்து ரிசர்வ் கோல்கீப்பரின் கைப்பையில் திணிக்கிறார். இன்னொரு பையிலிருந்த பூட்ஸை எடுத்து, லேஸோடு லேஸ் முடிந்து, பக்கத்தில் நின்ற பையனின் கழுத்தில் மாலையாகப் போடுகிறார். “பிளேன்ல ஏறுற வரைக்கும் கழட்டாதே மோனே.” யாரும் சிரிக்கவில்லை; எல்லோருக்கும் இது பழகிப்போன காரியம்.

நான் கூடப் போனது ஐ-லீக்கில் ஆடிய ஒரு தென்னிந்திய அணியோடு. அணியின் பெயரையும் ஆட்டக்காரர்களின் பெயரையும் எழுதுவதில்லை என்று சொன்ன பிறகுதான் பேருந்தில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கவலை நியாயமானது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டு, அடுத்த பருவம் எந்த ஊர் என்று தெரியாமல் இருப்பவர்கள் அவர்கள். பத்திரிகையில் ஒரு வாக்கியம் தப்பாக விழுந்தால் பிழைப்பு போகும்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது 90 நிமிடம். அணிக்கு அது நான்கு நாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஞாயிறு இரவு வீடு வந்து சேர்ந்தால் நல்ல பயணம். இந்தியக் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது கோச்சைப் பேசுகிறோம், வெளிநாட்டு வீரர்களைப் பேசுகிறோம், காலி கேலரியைப் பேசுகிறோம். இந்த நான்கு நாளை யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு வெளியூர் ஆட்டத்தின் போக்கில் பெரும்பங்கு அந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. அணி எந்த விமானத்தில் வந்தது, எத்தனை மணி நேரம் எங்கே உட்கார்ந்திருந்தது, இரவில் என்ன சாப்பிட்டது, தூங்கியதா இல்லையா என்பதெல்லாம் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு கால்களில் தெரியும்.

கொல்கத்தா வழியாக

போன இடம் ஐஸ்வால். மிசோரம் தலைநகர். கொல்கத்தாவில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் மாறினோம். காத்திருப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பிசியோ விடவில்லை. திருநெல்வேலிப் பெண், கறாரானவர். அரை மணிக்கொரு தரம் எல்லோரையும் எழுப்பி நடக்கவைத்தார். இறுக்கமான நீளக் காலுறையைப் போடாதவர்களைத் தேடிப் பிடித்துப் போடவைத்தார். விமானத்தின் உள்காற்று உலர்ந்தது, உடம்பின் நீரை இழுத்துக்கொள்ளும். முழங்காலை மடக்கியே பல மணி நேரம் இருந்தால் தொடையின் பின்தசை விறைத்துவிடும், கணுக்காலில் நீர் கோக்கும். மலிவான டிக்கெட்டில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. அணியிலேயே உயரமான சென்டர்-பேக்குக்கு நடு இருக்கை விழுந்திருந்தது. முன்னிருக்கையின் முதுகில் அவர் முழங்கால் முட்டிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை இதே முழங்காலை நம்பித்தான் ஒவ்வொரு கார்னருக்கும் அவர் எம்ப வேண்டும்.

லெங்புய் விமான நிலையம் மலைக்கு நடுவே சமன்படுத்திய ஓடுதளம். இரண்டு முனைகளிலும் பள்ளம். இறங்கியதும் மிசோரத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இன்னர் லைன் பர்மிட். 1873ஆம் ஆண்டு பிரிட்டிஷார் கொண்டுவந்த வங்காள கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஆதார் நகல்களையும் பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் வரிசையாக எடுத்து வைத்தார். வெளிநாட்டு வீரர்களுக்கு வேறு தாள்கள். சொந்த நாட்டு லீகில் ஆடப் போகும் இந்திய அணி இப்படி வரிசையில் நிற்பது எங்கள் ஊர்ப் பையன்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது. மிசோக்காரர்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் வேலி அது என்று அணியில் இருந்த மிசோ விங்கர் பொறுமையாக விளக்கினார்.

அங்கிருந்து நகரம் 32 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் முக்கால் மணி நேரம் என்று தோன்றும். மலைச்சாலையில் அதைப்போல இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். ட்லாங் ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம், பிறகு வளைவுமேல் வளைவு. வியாசர்பாடியிலிருந்து வந்த மிட்ஃபீல்டர் தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். “மேட்ச் ஆடி முடிச்ச மாதிரி இருக்குதுண்ணா. இன்னும் ஒரு பந்து கூட தொடல.” பிசியோ இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பின்னால் கடத்தினார்.

ஊருக்குள் வந்த பிறகு எல்லோரும் கவனித்தது ஒன்று: ஹாரன் சத்தமே இல்லை. குறுகலான ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, யாரும் முந்தவில்லை, யாரும் ஒலி எழுப்பவில்லை. ஐஸ்வால் இந்தப் பழக்கத்துக்குப் பேர்பெற்ற ஊர். சென்னைப் பையன்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மிசோ விங்கருக்கு மட்டும் இது வெளியூர் அல்ல. மூன்று பருவம் தெற்கே இருந்ததில் “மச்சான்”, “செம”, “பசிக்குது” என்று தேவையான தமிழ் வாய்க்கு வந்திருக்கிறது. ஹோட்டல் வாசலில் அவர் அம்மாவும் தங்கையும் எவர்சில்வர் தூக்கோடு காத்திருந்தார்கள். உள்ளே சோச்சியார்: கறி போட்டுக் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. கோச்சின் சட்டப்படி ஆட்டத்துக்கு முன் வெளிச் சாப்பாடு கூடாது. பையன் அம்மாவைப் பார்த்தார், கோச்சைப் பார்த்தார். தூக்கு அப்படியே ஹோட்டல் சமையலறைக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டது. சனிக்கிழமை இரவு அது மேஜைக்கு வரும் வரை அந்த அம்மா தினமும் போன் செய்து விசாரித்தாராம்.

மிசோரமிலிருந்து தெற்கே வந்து புகழ் சேர்த்தவர்களில் ஜேஜே லால்பெக்லுவாவைத் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னையின் எஃப்.சி.யின் முன்னாள் ஸ்ட்ரைக்கர், 2023இல் மிசோரம் சட்டமன்றத்துக்கே தேர்வாகிவிட்டார். சிறிய மாநிலம், அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் எல்லோருக்கும் வாழ்க்கையே ஒரு நீண்ட வெளியூர்ப் பயணம்தான்.

கோப்பைகள் வெளியூரில்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஐப் பற்றிக் கேட்டால் ஐஸ்வாலில் பெட்டிக்கடைக்காரர் கூட நின்று சொல்வார். அதற்கு முந்தின பருவம் ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீக்கிலிருந்து கீழிறங்கிப் பின்பு இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. மும்பை எஃப்.சி.யிலிருந்து வெளியேறிய காலித் ஜமீல் கோச். பெரிய பெயர்களோ பெரிய பணமோ இல்லை. கடைசி ஆட்டம் ஷில்லாங் லஜோங்கோடு, ஷில்லாங்கில். சமன் செய்தாலே சாம்பியன். தொடக்கத்திலேயே டிபாண்டா டிக்கா லஜோங்குக்காக கோல் போட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். 1-1. ஐஸ்வாலுக்கு 37 புள்ளி, மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக் கோப்பையை வென்ற முதல் அணி அது. மலைப்பாதையில் வண்டி பிடித்து ஷில்லாங் வரை போன ரசிகர்கள் அங்கேயே ஆடிப்பாடினார்கள். காலித் ஜமீல் 2025இல் இந்திய அணிக்கே கோச்சானார்.

சென்னைக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. சென்னையின் எஃப்.சி. வென்ற இரண்டு ஐ.எஸ்.எல். கோப்பைகளும் எதிரணியின் மைதானத்தில் வென்றவை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்.சி.க்கு எதிராக. ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல் அடித்தார். மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2.

அதைவிட 2015தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த டிசம்பர் முதல் வாரம் சென்னையில் இருந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. அடையாறு கரை மீறியது, விமான நிலையம் தண்ணீரில் நின்றது, பல நாள் மூடிக்கிடந்தது. அந்த நேரத்தில் சென்னையின் எஃப்.சி. அரையிறுதிக்குத் தேர்வாகியிருந்தது. சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய முதல் ஆட்டம் புனேயின் பாலேவாடிக்கு மாற்றப்பட்டது. அட்டவணையில் ‘ஹோம்’, நிஜத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. டிசம்பர் 12 அன்று அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். 16ஆம் தேதி கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னே போனார்கள். 20ஆம் தேதி கோவா ஃபதோர்தாவில் இறுதி. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 2-1 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரணி கோல்கீப்பர் கட்டிமணியின் கையிலிருந்து தன் வலைக்குள்ளேயே போன பந்தால் சமன் செய்தது. கூடுதல் நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசா அடித்து 3-2. ஊர் மூழ்கிக்கிடந்தபோது ஊர் ஊராகப் போய் ஆடிய அணி கொண்டுவந்த கோப்பை அது. அந்த வெற்றியில் மெண்டோசாவின் கால்களுக்கு இருக்கும் பங்கு எல்லோருக்கும் தெரியும். பத்து நாளுக்குள் மூன்று ஊரில் மூட்டையை அவிழ்த்துக் கட்டியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வீடே இல்லாமல் ஆடும் அணிகளும் நம் நாட்டில் உண்டு. வாரணாசியின் பெயரைத் தாங்கிய இன்டர் காசி தன் ‘சொந்த’ ஆட்டங்களை மேற்கு வங்கத்தின் கல்யாணியில் ஆடியது. 2024-25 ஐ-லீக் பட்டம் யாருக்கு என்ற வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், அந்த அணிக்கே சேர்ந்தது. 2023இல் மணிப்பூரில் கலவரம் வெடித்த பிறகு நெரோகா, ட்ராவ் இரண்டும் தங்கள் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே ஆட வேண்டியதாயிற்று. இம்பாலில் கால்பந்து பார்க்கக் கூடும் கூட்டத்தை நேரில் கண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். கோயம்புத்தூரை ஊராகக் கொண்டு 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யால், அந்த வெற்றியில் கிடைத்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றைச் சொந்த ரசிகர்கள் முன்னால் ஆட முடியவில்லை. 2020 ஜனவரி 14, போகிப் பண்டிகையன்று, அகமதாபாத்தில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 1-0 என்று தோற்றது. கோவையில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அதைத் திரையில்தான் பார்த்தார்கள்.

சில பயணங்கள் நடக்கவே இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் தாக்குதல். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீரோடு ஆட வேண்டிய மினர்வா பஞ்சாப் போகவில்லை. அதே மாதம் ஈஸ்ட் பெங்காலோடு நடக்கவிருந்த ஆட்டம் டெல்லிக்கு மாறியது. முதன்முறையாகத் தேசிய லீகின் முதல் நிலையில் காஷ்மீரிலிருந்து ஒரு அணி ஆடிய பருவம் அது. பனியிலும் குளிரிலும் டர்ஃபைச் சுற்றி வந்து நின்ற ரசிகர்களிடமிருந்து ஆட்டம் கைநழுவிப்போனது.

சனிக்கிழமை

ஐஸ்வாலில் ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் டிசம்பரில் அங்கே நாலரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது. இரண்டு மணி ஆட்டம் என்றால் பத்தரைக்குச் சாப்பாடு. வேகவைத்த கோழி, சாதம், பருப்பு, பாஸ்தா. காலை பத்தரை மணிக்கு நான்கு கரண்டி சாதம் இறங்குவது லேசான காரியம் இல்லை. தமிழ்ப் பையன்கள் மேஜை மேஜையாகத் தயிர் தேடினார்கள். இக்கா தன் பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்ததும்தான் தட்டுகள் காலியாயின. ஊறுகாய்க்கு கோச்சின் சட்டத்தில் விலக்கு உண்டு போலும்.

அதற்கு முன்பே இக்கா மைதானத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். முவால்புயில் மலைச்சரிவில் இருக்கும் ராஜீவ் காந்தி மைதானத்தின் உடைமாற்று அறையில் ஒவ்வொரு ஆணியிலும் ஜெர்சி, எண் வெளியே தெரிகிற மாதிரி. கீழே மடித்த அரைக்கால்சட்டை, அதன்மேல் காலுறை, பக்கத்தில் டர்ஃபுக்கான பூட்ஸ். கேப்டனின் பட்டை மூன்றாவது ஆணியில். வலது மூலை ஜன்னலோரம் வியாசர்பாடிக்காரருக்கு. அந்தப் பக்கம்தான் உட்காருவார் என்று இக்காவுக்குத் தெரியும். எந்த ஊர் மைதானமானாலும் உள்ளே நுழைந்ததும் பையன்களுக்குத் தங்கள் அறை மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே வரிசையை எங்கேயும் மாற்றுவதில்லை என்றார். ஒரு வெளியூர் அணிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்கோரைச் சொன்னால் அணி எது என்று தெரிந்துவிடும், ஆகவே ஆட்டத்தை விட்டுவிடுகிறேன். எதிர்பார்த்தபடி 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஓட்டம் குறைந்தது. சென்டர்-பேக் ஒரு முறை பின்தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிசியோ எல்லைக்கோட்டில் எழுந்து நின்றுவிட்டார். நல்லவேளை, வெறும் பிடிப்புதான்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். டர்ஃபில் சறுக்கி விழுந்தால் தோல் உரிந்து சிவந்துவிடும். முழங்காலும் இடுப்பும் எரிய எரியக் குளிக்கிறார்கள். ஹோட்டலில் ஐஸ் பாத் கிடையாது. குளியலறை பக்கெட்டுகளில் சமையலறைப் பனிக்கட்டியைக் கொட்டி, முறை வைத்துக் காலை விட்டுக்கொண்டார்கள். ஒரு முழு ஆட்டத்தில் தசைகள் செலவழித்த சக்தி திரும்பிச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளில்தான் பேருந்து, விமானம், காத்திருப்பு, மறுபடி விமானம். அன்று இரவே திரும்ப வழியில்லை. இருட்டுவதற்குள் விமானங்கள் போய்விட்டிருந்தன. மறுநாள் ஞாயிறு. கிறிஸ்தவர்களே பெரும்பான்மையான ஐஸ்வாலில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், தெருவில் வண்டி அபூர்வம். விமான நிலையத்துக்குப் பேருந்தை மேனேஜர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். ஆட்டம் முடிந்த உடம்பில் பதற்றம் இறங்க நேரமாகும், பாதி இரவு வரை தூக்கம் வராது. வராந்தாவில் ஒரு மணிக்கும் பேச்சுக்குரல் கேட்டது. ஆறு மணிக்கு எல்லோரும் கீழே நிற்க வேண்டும்.

யார் தீர்மானிக்கிறார்கள்?

ஒரு அணி எப்படிப் பயணம் செய்கிறது என்பது அற்ப விஷயம் அல்ல என்பதைக் கால்பந்து மிகக் கொடுமையான விதத்தில் கற்றிருக்கிறது. 1949 மே 4 அன்று டூரின் அருகே சுபெர்கா மலையில் மோதிய விமானத்தில் டோரினோவின் மகத்தான அணியோடு சேர்த்து 31 பேர் போனார்கள். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில், சகதிப் பனி படிந்த ஓடுதளத்தில் மூன்றாவது முறையாகக் கிளம்ப முயன்றபோது மான்செஸ்டர் யுனைடெட்டின் விமானம் நொறுங்கியது. மாண்டவர்கள் 23 பேர், அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். 2016இல் கோபா சுடமெரிகானா இறுதியாட்டத்துக்குப் போன பிரேசிலின் சபேகோயென்சே அணியின் விமானம் எரிபொருள் தீர்ந்து மெடெயின் அருகே விழுந்து 71 பேர் இறந்தார்கள்.

ஜாம்பியாவின் கதையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான விமானத்தில் அணியை அனுப்பப் பணமில்லாத சம்மேளனம், ராணுவ விமானத்தில் அனுப்பியது. 1993 ஏப்ரல் 27 அன்று, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு செனகல் போகும் வழியில், காபோன் நாட்டின் லிப்ரெவில்லில் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய விமானம் கடலில் விழுந்தது. 30 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கேப்டன் கலுஷா ப்வல்யா ஐரோப்பாவிலிருந்து தனியாக வரவிருந்ததால் தப்பினார். 2012இல் ஜாம்பியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது, அதே லிப்ரெவில்லில். அந்த அணியை கோச் எர்வே ரெனார் கடற்கரைக்கு அழைத்துப்போய் மலர் வைக்கச் செய்தார்.

பெரிய நாடுகள் எல்லாவற்றிலும் தூரம் ஒரு பிரச்சினைதான். பெர்த்திலிருந்து வெலிங்டனுக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் ஆஸ்திரேலிய லீகில் ஆடுகின்றன. அமெரிக்காவின் எம்.எல்.எஸ்.சில் 2020க்கு முன் ஒரு பருவத்தில் நான்கு ஒற்றைப் பயணங்களுக்கு மேல் தனி விமானம் அமர்த்த அனுமதி இல்லை. பணக்கார கிளப்புகளுக்குக் கூடுதல் சாதகம் போய்விடக் கூடாது என்பது காரணம். ஆட்டக்காரர் சங்கம் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்து, 2020 ஒப்பந்தத்தில் அந்த எண்ணிக்கையை உயர்த்தியது. அங்கே தனி விமானம் என்பது சொகுசு அல்ல, வேலை நிலைமை. சம்பளத்தைப் போலவே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

நம் ஊரில் தனி விமானம் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. கேட்க வேண்டியது மிகச் சிறியது. ஐஸ்வாலும் ஷில்லாங்கும் ஒரே லீகில் இருக்கும் பருவத்தில், தெற்கிலிருந்து போகும் அணிக்குச் சனிக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று என்று ஒரே பயணத்தில் இரண்டையும் கோத்துக் கொடுக்கலாம். ஆட்டம் முடிந்து மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் பயணம் என்று குறைந்தபட்ச இடைவெளியை விதியாகவே எழுதலாம். 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட பைராபி–சைராங் பாதையால் ஐஸ்வாலின் வாசல் வரை ரயில் வந்துவிட்டது. வடகிழக்குக்குள் ஊர்விட்டு ஊர் போகும் அணிகள் அதைப் பயன்படுத்த அட்டவணையில் இடம் வேண்டும். பணமும் இதனால் மிச்சமாகும்.

பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பயணம்தான் என்பதால் இதை இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-26 ஐ.எஸ்.எல். பருவம், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை; சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. மேல்நிலை லீகுக்கே இந்தக் கதி என்றால் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு இரவு ஹோட்டல் வாடகையை மிச்சப்படுத்த ஆட்டத்தன்று காலையில் வந்து இறங்குவார்கள். பிசியோவை ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள்.

பயணமே வேண்டாம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில், 2020-21, 2021-22 இரண்டு பருவங்களிலும் ஐ.எஸ்.எல். முழுவதும் கோவாவின் மூன்று மைதானங்களில், அநேகமாக ரசிகர்கள் இல்லாமல், ஹோட்டலுக்குள் அடைபட்ட அணிகளோடு நடந்தது. உடம்புக்கு அலைச்சல் இல்லை. ஆட்டத்தில் உயிரும் இல்லை. 2022 அக்டோபர் 7 அன்று கொச்சியில் மஞ்சள் சட்டை ரசிகர் கூட்டம் மறுபடி நிரம்பிவழிந்தபோது, கூச்சலுக்கு நடுவே எதிரணியாக வந்து நிற்பதற்காகவாவது அந்த அலைச்சல் வேண்டும் என்று பட்டது. ஊர்கள் தங்கள் அணியோடு மோத இன்னொரு ஊர் வருவதைப் பார்க்க வேண்டும். அப்படி வருகிறவர்களை நாடு ஒழுங்காக ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்கத்தா விமான நிலையத்தில் மறுபடி காத்திருப்பு. கோச் ஒரு நாற்காலி வரிசையைப் பிடித்து, லேப்டாப்பைத் திறந்து, முதல் பாதியில் வந்த கார்னரை மூன்று தடவை ஓட்டினார். “நீ எங்க நிக்கணும்?” என்று சென்டர்-பேக்கைக் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் வியாசர்பாடிக்காரர் குறுக்கே வந்தார்: “கோச், நான்தான் அவனை விட்டேன். கத்துனேன், யாருக்கும் கேக்கல.” கோல்கீப்பர் அதை மறுத்தார். மிசோ விங்கர் காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருமே தப்பு என்றார். வாக்குவாதம் முற்றி, பக்கத்துப் பயணிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போனது. அதற்குள் மேனேஜர் கைப்பேசியோடு வந்து நின்றார்.

“கேட் மாறியிருக்கு, கிளம்புங்க. இன்னொண்ணு. அடுத்த சனிக்கிழமை ஸ்ரீநகர். ராத்திரி ஜீரோவுக்குக் கீழ போகுதாம். கனமான ஜாக்கெட் இல்லாதவங்க கை தூக்குங்க.”

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. இக்கா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அளவு எழுத ஆரம்பித்தார்.